சின்ன வெங்காயத்துக்கு காமா கதிர் அடிக்கலாமா? விதைக்காய்க்கு வேணாம்ணே

கேள்வி: பேரையூர் பக்கம் ரெண்டு ஏக்கர் சின்ன வெங்காயம் போட்டுருக்கேன், தை கடைசில புடுங்கணும். போன தடவ பட்டறைல (வெங்காயம் சேத்து வைக்கிற கொட்டகை) வச்சதுல பாதி மொளச்சிருச்சு, கொஞ்சம் அழுகியும் போச்சு. காமா கதிர், அதான் எக்ஸ்ரே மாதிரி ஊடுருவுற கதிர்வீச்சு, அடிச்சு வச்சா மாசக்கணக்கா மொளைக்காதுன்னு வீடியோல பாத்தேன். அடிச்சு வச்சு பாதிய வித்துட்டு மீதிய சித்திரைப் பட்டத்துக்கு விதைக்கு எடுத்துக்கலாமா? வீட்ல கேன்சர் வரும்னு பயப்படுறாங்க.

பதில்: அண்ணே, மொதல்ல விதைக்காய்க்கு வந்துர்றேன், ஏன்னா அங்கதான் பெரிய நஷ்டம் வரும். கதிர் அடிச்ச காய விதைக்கு வைக்கவே கூடாது. காய்க்கு நடுவுல இருக்க குருத்து செல்லு பிரிஞ்சு வளர முடியாதபடி பண்றதுதான் அந்த வேலையே, அப்பறம் அத நட்டு தண்ணி பாய்ச்சுனா எங்கருந்து மொளைக்கும். பெரிய வெங்காயம் பண்றவங்களுக்கு இந்தக் கவலை இல்ல, அவங்க விதை தூவி நாத்து விடுறாங்க, நம்ம காயத்தான நடுறோம், ஏக்கருக்கு 600 கிலோ கிட்ட போகுது. அதனால விதைக்கு வேண்டியத புடுங்குன அன்னைக்கே தனியா பிரிச்சிருங்க.

விக்கிற காய்க்கு அடிக்கலாம், தப்பே இல்ல. 100 கிரேக்குள்ளயே போதும் (கிரேங்கறது கதிர் எவ்ளோ ஏறுச்சுன்னு அளக்குற அளவு), ரொம்ப கம்மியான அளவு, மசாலாத்தூள்ல கிருமி போக ஆயிரக்கணக்கான கிரே குடுக்குறாங்க, அமெரிக்காவுக்கு 2007லருந்து போற நம்ம மாம்பழத்துக்கே 400 கிரே. வெங்காயத்துக்குன்னு நாசிக் பக்கம் லாசல்கான்ல 2002லருந்து ஒரு நிலையம் இருக்கு, சந்தை அங்கயே இருக்கதால அவங்களுக்குக் கட்டுபடியாகுது. நீங்க ரெண்டு ஏக்கர் காய லாரில ஏத்தி அவ்ளோ தூரம் அனுப்புனா வாடகையே முழுங்கிரும், அதையும் யோசிங்க.

வீட்ல சொல்லுங்க, பயப்பட ஒண்ணுமில்ல. கோபால்ட் 60ங்கற உலோகம் கம்பிக்குள்ள சீல் பண்ணி இருக்கும், காய் அதத் தொடுறதே இல்ல, பெட்டியோட பக்கத்துல போயிட்டு வெளிய வந்துரும். எக்ஸ்ரே எடுத்துட்டு வந்த ஆளு ஒடம்புல கதிர் ஒட்டிக்கிட்டா இருக்கு, அதே மாதிரிதான். அந்தக் காமா கதிருக்கு காய கதிரியக்கமா மாத்துற அளவுக்கு சக்தியும் கிடையாது. 10,000 கிரே வரைக்கும் அடிச்ச சாப்பாடு பாதுகாப்புன்னு 1980லயே உலக சுகாதார நிறுவனம் சேந்த நிபுணர் குழு சொல்லிருச்சு.

ஆனா அழுகலுக்கு இது மருந்து இல்லண்ணே, இத வீடியோல சொல்ல மாட்டாங்க. இவ்ளோ கம்மி கதிர்ல பூஞ்சாணமும் சாகாது பாக்டீரியாவும் சாகாது, அதக் கொல்ற அளவுக்கு ஏத்துனா காயே கொழகொழன்னு ஆயிரும். உங்க பட்டறைல அழுகுனதுக்கு ஈரந்தான் காரணமா இருக்கும். புடுங்குறதுக்கு பத்து நாள் முன்னாடியே தண்ணிய நிறுத்துங்க, தாளோட நெழல்ல காய விடுங்க, தாள ஒட்ட அறுக்காம ரெண்டு செண்டிமீட்டர் கழுத்து விட்டு அறுங்க, அடிபட்ட காய் ஒண்ணு கூட உள்ள போகக் கூடாது, பட்டறை தரைல இருந்து தூக்கி நாலு பக்கமும் காத்து போற மாதிரி இருக்கணும், குமிச்சும் வைக்காதீங்க. இத ஒழுங்கா பண்ணாம கதிருக்கு காசு செலவழிச்சா மொளைக்காத காய் அழுகிக் கிடக்கும், அவ்ளோதான்.

விதைக்கே கதிர் அடிச்சு புது ரகம் எடுக்குறாங்களேன்னு கேப்பீங்க. டிஏஜி 24 கடலை, டிஏயூ 1 உளுந்தெல்லாம் அப்பிடி வந்த வழிதான், ஆனா அது ஆயிரக்கணக்கான செடி வளத்து வருஷக்கணக்கா கழிச்சு கழிச்சு எடுக்குற வேலை, பட்டறைக் காய்க்கும் அதுக்கும் சம்பந்தமில்ல.

இன்னொண்ணு, கதிர் அடிக்கிறதுன்னா காய் உறக்கத்துல இருக்கப்பவே அடிக்கணும், உள்ள குருத்து கெளம்பிட்டா அப்பறம் அடிச்சா அந்தக் குருத்து செத்து நடுவுல கருத்துப் போகும், வாங்குறவன் அறுத்துப் பாத்துட்டு திருப்பி அனுப்பிருவான். புடுங்கி ரெண்டு வாரங்கழிச்சு பத்து இருவது காய எடுத்து நெடுக்க அறுத்துப் பாருங்க, பச்சைக் குருத்து எவ்ளோ ஒசரம் வந்துருக்குன்னு தெரியும். ஒத்தக்கடை விவசாயக் காலேஜுக்கும் நாலு காய் கொண்டு போய் காட்டுங்க, இல்லேன்னா போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்க, பாத்து சொல்றேன்.