வாரம் ஒரு நாள் மட்டுமே ஆடி ஹேண்டிகேப்பைக் குறைக்க முடியுமா?

கேள்வி: எனக்கு வயது 46. சென்னையில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். நாற்பது வயதில் கோல்ஃப் ஆடத் தொடங்கினேன்; மூன்று ஆண்டுகளாக என் ஹேண்டிகேப் (ஆட்டத் திறனைக் காட்டும் எண்; குறையக் குறைய நல்லது) 22-ஐ விட்டு நகரவில்லை. பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் இருவர். ஞாயிறு காலை மட்டுமே மைதானத்துக்குப் போக முடிகிறது. அதற்கும் வீட்டில் வருத்தம். ஸ்விங்கை (மட்டையை வீசும் முறையை) அடியோடு மாற்ற வேண்டுமா, புதிய ட்ரைவர் (தொலைதூர முதல் அடிக்கான மட்டை) வாங்க வேண்டுமா, இல்லை இந்த வயதுக்கு இவ்வளவுதானா? அண்மைய ஸ்கோர் அட்டை ஒன்றை, மோசமாகப் போன குழியைப் பற்றிய குறிப்போடு, இணைத்திருக்கிறேன்.

பதில்: வயதைப் பற்றிய கவலையை முதலில் விட்டுவிடுங்கள். ஃபிஜி நாட்டு ஆட்டக்காரர் விஜய் சிங், அமெரிக்காவின் தொழில்முறைத் தொடரான பிஜிஏ டூரில் வென்ற 34 பட்டங்களில் 22 அவர் நாற்பது வயதைக் கடந்த பிறகு வந்தவை. அவருக்கு அது முழுநேரத் தொழில், உங்களுக்கு வாரத்தில் ஒரு காலைப்பொழுது என்பது உண்மைதான். ஆனால் உங்கள் ஆட்டத்தைத் தடுத்து நிறுத்தியிருப்பது உடம்பு அல்ல என்பதை நீங்கள் அனுப்பிய அட்டையே காட்டுகிறது.

பார் (நல்ல ஆட்டக்காரருக்கு வேண்டிய அடிகளின் எண்ணிக்கை) 72 உள்ள மைதானத்தில் 97 அடித்திருக்கிறீர்கள், அதாவது 25 கூடுதல். அதில் 14 அடிகள் நான்கே குழிகளில் போயிருக்கின்றன: பார் 5-இல் ஒரு 9, பார் 4-களில் ஒரு 8, ஒரு 7, பார் 3-இல் ஒரு 6. மீதிப் பதினான்கு குழிகளில் மூன்று பார், பதினொரு போகி (பாரைவிட ஓர் அடி கூடுதல்). அந்தப் பதினான்கு குழிகளை ஆடியவருக்கு ஸ்விங்கை அடியோடு மாற்றும் தேவை எதுவும் இல்லை.

அந்த ஒன்பதை மட்டும் சற்று நிதானமாகப் பாருங்கள். முதல் அடி வலப்பக்க மரங்களுக்குள் போய்விட்டது என்றும், இரண்டு மரங்களுக்கு நடுவே தெரிந்த இடைவெளியில் தொலைதூரம் அடிக்கும் மட்டையான 3-வுட்டால் அடித்தபோது பந்து அடிமரத்தில் பட்டுக் காலடிக்கே திரும்பியது என்றும், அதே இடைவெளியில் மறுபடி முயன்றதில் பந்து குட்டைக்குள் விழுந்தது என்றும் எழுதியிருக்கிறீர்கள். அபராதத்தையும் சேர்த்து நான்கு அடிகள் முடிந்தபோது கிரீன் (குழி இருக்கும் வழுவழுப்பான புல்தரை) இன்னும் தொலைவில்தான் இருந்தது. இரண்டாவது அடியிலேயே குறைந்த தூரம் அடிக்கும் 8-அயர்னை எடுத்துப் பக்கவாட்டில் ஃபேர்வேக்கு (வெட்டிய புல்பாதைக்கு) தட்டிவிட்டிருந்தால், அதன் பிறகு சுமாராக ஆடியிருந்தாலும் ஏழில் முடித்திருப்பீர்கள். மரத்தடியில் நிற்கும்போது, பத்து முறை அடித்தால் எட்டு முறை எனக்கு வாய்க்கக்கூடிய அடி எது என்று கேட்டுக்கொண்டு அதை மட்டும் ஆடுங்கள். இதைப் பழகத் தனியே நேரம் ஒதுக்க வேண்டியதில்லை என்பதால்தான் உங்களைப் போன்றவர்களுக்கு இதையே முதலில் சொல்கிறேன். அந்த நான்கு குழிகளும் டபுள் போகியோடு நின்றிருந்தால் உங்கள் ஸ்கோர் 91.

அடுத்து, பயிற்சி. சிப்பிங்கும் (கிரீனுக்கு அருகிலிருந்து தட்டுவது) புட்டிங்கும் (கிரீனில் உருட்டுவது) சரியானால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்று கோல்ஃப் மன்றங்களில் காலங்காலமாகச் சொல்வார்கள். கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி இலட்சக்கணக்கான அடிகளின் தரவை ஆராய்ந்து, நல்ல ஆட்டக்காரருக்கும் சுமாரான ஆட்டக்காரருக்கும் உள்ள ஸ்கோர் இடைவெளியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு 100 கெஜத்துக்கு அப்பாலிருந்து அடிப்பவற்றில்தான் வருகிறது என்று காட்டினார். ஆகவே மாதத்தில் இரண்டு மூன்று முறை டிரைவிங் ரேஞ்சுக்கு (பந்தடிப் பயிற்சித் திடலுக்கு) போக முடிந்தாலும் அந்த நேரத்தின் பெரும்பகுதியை 7-அயர்னுக்கும் டீயிலிருந்து (முதல் அடி அடிக்கும் இடத்திலிருந்து) நேராகப் போகும் ஒரு கிளப்புக்கும் (மட்டைக்கும்) கொடுங்கள். ஒரே கிளப்பால் ஐம்பது பந்துகளை வரிசையாக அடித்தால் அன்றைக்குக் கை நன்றாக ஓடுவதுபோல் தெரியும், ஞாயிற்றுக்கிழமை அது உங்களோடு மைதானத்துக்கு வராது. ஒவ்வொரு பந்துக்கும் இலக்கையும் கிளப்பையும் மாற்றி, மைதானத்தில் நிற்பதுபோலவே நின்று, முப்பது பந்துகள் அடிப்பது மேல்.

வீட்டில் செய்ய முடிவது புட்டிங். இரவு பிள்ளைகள் தூங்கிய பிறகு, கூடத்துக் கம்பளத்தில் பந்துக்கு ஓர் அடி முன்னால் ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தை வைத்து, பந்து அதன்மேல் ஏறிப் போகும்படி தினமும் பத்து நிமிடம் தட்டுங்கள். நாணயத்தைத் தாண்டும் பந்து நேராகத்தான் புறப்பட்டிருக்கிறது என்று பொருள். எட்டடித் தொலைவிலிருந்து பிஜிஏ டூர் ஆட்டக்காரர்களே ஏறக்குறைய பாதி முறைதான் குழியில் போடுகிறார்கள். எனவே அந்தத் தொலைவில் தவறினால் மனம் நோகாமல், நான்கடிக்குள் தவறாமல் இருப்பதை இலக்காகக் கொள்ளுங்கள்.

நாள் முழுவதும் நாற்காலியில் இருப்பவருக்கு இடுப்பு மூட்டும் மேல்முதுகும் இறுகிவிடுகின்றன. கீழ்முதுகு இயல்பிலேயே மிகக் குறைவாகத் திரும்பக்கூடியது. மற்ற இரண்டும் திரும்ப மறுக்கும்போது ஸ்விங்கின் சுமை முழுவதும் அதன்மேல் விழுகிறது. காரிலிருந்து இறங்கியதும் ட்ரைவரை வீசாதீர்கள். பத்து நிமிடம் நடந்து, கிளப்பைத் தோளுக்குக் குறுக்கே பிடித்து மெதுவாக இருபுறமும் திரும்பி, குறுந்தூர மட்டையான வெட்ஜில் அரை ஸ்விங்கோடு தொடங்குங்கள். வலி காலுக்கு இறங்கினால் ஆட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

ட்ரைவர் இப்போது வேண்டாம். அந்தப் பணத்தில் ஒரே பயிற்சியாளரிடம் நான்கைந்து வகுப்புகள் போய், ஒரு நேரத்தில் ஒரு திருத்தம் மட்டும் கேளுங்கள்.

வீட்டு வருத்தத்தைச் சிறிய விஷயமாக நினைக்காதீர்கள். பதினெட்டுக் குழி ஆட்டமும் பயணமும் சிற்றுண்டியும் சேர்ந்தால் ஞாயிறு மதியம் வரை போய்விடும். அதுவரை இரண்டு பிள்ளைகளையும் உங்கள் துணைவியார் தனியாகச் சமாளிக்கிறார். ஒரு வாரம் பதினெட்டு, மறுவாரம் விடியற்காலையில் ஒன்பது குழி ஆடிவிட்டு எட்டரை மணிக்கு வீடு திரும்புவது என்று அவரோடு பேசி முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். அவருக்கென்று அதே அளவு நேரத்தை அதே வாரத்தில் ஒதுக்குவதும் அந்த முடிவில் இருக்க வேண்டும். ஒன்பது குழி ஆட்டமும் உலக ஹேண்டிகேப் முறையில் கணக்கில் சேரும் என்பதால் உங்களுக்கு இழப்பு எதுவும் இல்லை.

அந்த முறை கடைசி இருபது ஆட்டங்களில் சிறந்த எட்டின் சராசரியைக் கொள்வதால், இரண்டு மாதத்தில் எண் அசையவில்லையே என்று சோர வேண்டாம். வரும் ஞாயிறு முதல் அட்டையில் ஒவ்வொரு அபராத அடிக்கும் ஒரு புள்ளியும், மூன்று புட் போன குழிக்கு ஒரு வட்டமும் போட்டு வாருங்கள். பத்து அட்டைகள் சேர்ந்ததும் பயிற்சியாளரிடம் காட்டுங்கள்.