அமிகா 1200: ரிப் செய்த பாட்டில் வரும் ‘டிக்’

வணக்கம். என் பழைய வீட்டுக் கணினியான அமிகா 1200-இல் 50 மெகாஹெர்ட்ஸ் 68030 அட்டையும் 32 மெகாபைட் ஃபாஸ்ட் ராமும் இருக்கின்றன. ஹார்ட் டிஸ்க், சிடி டிரைவ் இரண்டும் உள் ஐடிஇ கேபிளில். ஆடியோ சிடியின் ட்ராக்குகள் கோப்புகளாகவே தெரிவதால் வொர்க்பெஞ்சில் (அமிகாவின் டெஸ்க்டாப்) இழுத்து ஹார்ட் டிஸ்க்கில் போட்டு ரிப் செய்கிறேன். கேட்டால் சில வினாடிக்கு ஒருமுறை ‘டிக்’. டிரைவின் ஹெட்ஃபோன் துளையில் அதே தட்டு சுத்தமாகப் பாடுகிறது. டிரைவை மாற்றிவிடவா?

அன்புள்ள நண்பருக்கு,

வேண்டாம். ஹெட்ஃபோனில் சுத்தம் என்றால் லென்ஸும் தட்டும் பெரும்பாலும் நலம்தான்.

முதலில், ‘டிக்’ கோப்பில்தான் இருக்கிறதா என்று பாருங்கள். அமிகாவின் ஒலிச் சிப்பான பாலா 8 பிட். சாதாரணத் திரைமுறையில் (ஸ்கிரீன் மோடு) அதன் சாம்பிள் வேகம் 28 கிலோஹெர்ட்ஸ் அளவோடு நின்றுவிடும். 44,100 ஹெர்ட்ஸ் கோப்பைப் பிளேயர் ஓடஓடக் குறைத்துத்தான் அதற்குத் தர வேண்டும். அதில் பின்தங்கினாலும் ‘டிக்’ வரும். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் வந்தால் கோளாறு கோப்பில். இடம் மாறினால் ரிப்பில் குறையில்லை.

கோப்பில்தான் என்றால் காரணம் இது. டேட்டா சிடியில் ஒரு செக்டாரின் (தட்டில் தகவல் பிரிக்கப்படும் சிறு துண்டு) 2352 பைட்டில் 2048தான் தகவல். மீதியில் அந்த செக்டாரின் முகவரியும் பிழைதிருத்தமும் இருக்கும். ஆடியோ செக்டாரில் 2352-ம் இசைதான். முகவரி, இசையோடு கூடவே ஓடும் க்யூ துணைச்சேனல் என்ற தனித் தகவல் வரிசையில் மட்டும், அதுவும் துல்லியமில்லாமல். டிரைவ் நடுவில் நின்று, விட்ட இடத்துக்குத் திரும்பும்போது சில சாம்பிள் முன்னோ பின்னோ இறங்கும். அந்த ஒட்டுதான் உங்கள் ‘டிக்’. நிற்காமல் பாடும்போது ஒட்டே இல்லை, அதனால் ஹெட்ஃபோனில் கேட்பதில்லை.

ஏன் நிற்கிறது? ஒரே கேபிளில் ஒரு நேரத்தில் ஒரு டிரைவ்தான் பேச முடியும். தகவலைத் தூக்கிச் சுமப்பதும் ப்ராசஸரேதான். ஹார்ட் டிஸ்க்கில் எழுதும்போது சிடி டிரைவின் பஃபரை (வாசித்ததைத் தற்காலிகமாக வைக்கும் நினைவகம்) காலி செய்ய ஆளில்லை. 128 கிலோபைட் பஃபர் 4 மடங்கு வேகத்தில் 0.2 வினாடிக்குள் நிரம்பிவிடும். 1 மடங்கில் முக்கால் வினாடி தாங்கும். சோதிக்க வேண்டுமானால் இரண்டு நிமிடத்துக்கும் குறைவான ட்ராக் ஒன்றை ராம் டிஸ்க்குக்கு, அதாவது நினைவகத்திலேயே இருக்கும் தற்காலிக டிஸ்க்குக்கு, எடுங்கள் (நிமிடத்துக்கு ஏறத்தாழ 10 மெகாபைட்). ‘டிக்’ மறைந்தால் சந்தேகமே இல்லை.

இழுத்துப் போடும் வழி வசதிதான். ஆனால் தான் நகலெடுப்பது இசை என்று வொர்க்பெஞ்சுக்குத் தெரியாது. ஜிட்டர் திருத்தம் (இந்த ஒட்டுப் பிசகைச் சரிசெய்வது) உள்ள ரிப்பர் மென்பொருள் ஒன்றால் 1 அல்லது 2 மடங்கு வேகத்தில் எடுங்கள். அது முன்பு வாசித்ததில் கடைசிச் சில செக்டார்களை மறுபடி வாசித்து, பொருந்தும் இடம் பார்த்து ஒட்டும். நேரம் பிடிக்கும். நீண்ட மௌனத்திலும், அச்சு மாறாமல் திரும்பும் மின்னணுத் தாளத்திலும் இதுவும் ஏமாறலாம்.

ராமில் சுத்தமாக வந்து, ஹார்ட் டிஸ்க்கில் மட்டும், மெதுவாக எடுத்தும் இரைச்சல் வெடித்தால் அது வேறு நோய். அமிகாவின் ஹார்ட் டிஸ்க் அமைப்பு நிரலான எச்டிடூல்பாக்ஸில் அந்தப் பார்ட்டிஷனின் மேக்ஸ்ட்ரான்ஸ்ஃபரை (ஒரே தடவையில் அனுப்பும் அளவின் உச்சவரம்பு) 1,30,560 பைட்டாக (255 × 512) குறையுங்கள். பாட்டு முழுக்க அருவி இரைச்சலாக வந்தால் பைட் வரிசை தலைகீழ்: வேவ் (WAV) ஒலிக் கோப்பில் ஒவ்வொரு எண்ணின் சிறிய மதிப்புள்ள பைட் முன்னால், ஏஐஎஃப்எஃப் (AIFF) கோப்பில் பெரியது முன்னால்.

சரிபார்க்க: 3 நிமிட ட்ராக் என்றால் 13,500 செக்டார், 3,17,52,000 பைட், வேவ் தலைப்புக்கு 44 கூட்டுங்கள். இரண்டு முறை எடுத்து இரண்டும் ஒன்றாக இருந்தால் அடுத்த ட்ராக்குக்குப் போகலாம். எம்பி3 ஆக்கும் வேலையை 68030-க்குக் கொடுக்காதீர்கள். வேவாகவே வேறு கணினிக்குக் கொண்டுபோங்கள். கோப்புப் பெயரில் ட்ராக் எண்ணை முன்னால் வையுங்கள். அமிகாவின் கோப்பு முறையான எஃப்எஃப்எஸ் (FFS) 30 எழுத்துக்கு மேல் சத்தமில்லாமல் வெட்டிவிடும். எண் கடைசியில் இருந்தால் ஒரு ட்ராக்கின் மேல் இன்னொன்று எழுதப்பட்டுவிடும்.