ஜெர்மன் இசையமைப்பாளர் பாஹின் அதே படைப்பு ஓர் இசைத்தட்டில் மட்டும் அரைச்சுரம் தாழ்ந்து ஒலிப்பது ஏன்?

அந்தத் தாழ்ந்த சுருதியைப் ‘பரோக் சுருதி’ என்பார்கள். இன்றைய இசைக்குழுக்கள் ‘ஏ’ என்னும் சுரத்தை நொடிக்கு 440 அதிர்வுகளில் வைக்க, ஏறத்தாழ 1600 முதல் 1750 வரையிலான பரோக் இசையைப் பழைய வகைக் கருவிகளில் வாசிப்பவர்கள் பெரும்பாலும் 415இல் வைக்கிறார்கள்.

பாஹின் காலத்தில் பொது அளவு கிடையாது. ஊருக்கு ஊர், தேவாலய ஆர்கனுக்கு ஆர்கன் சுருதி மாறியது. 440 சர்வதேச அளவாக ஏற்கப்பட்டதே 1939இல்தான். 415கூட, நவீன சுருதிக்குச் சரியாக அரைச்சுரம் கீழே அமைவதால் பிற்காலத்தவர் வசதிக்காகத் தேர்ந்துகொண்ட அளவுதான்.

ஐந்தரைக் கட்டையில் பாடும் பாடகி ஐந்து கட்டைக்கு இறங்கினால் ராகம் மாறாது, குரலின் நிறம் மாறும், இதுவும் அப்படித்தான். புதுச்சேரி காந்தி வீதி ஞாயிற்றுச் சந்தையில் நான் வாங்கிய தட்டொன்றின் உறையில் கடற்காற்றால் பூசணம் படர்ந்திருந்தாலும், ‘பழங்கருவிகளில் வாசிக்கப்பட்டது’ என்ற குறிப்பு பின்புறத்தில் தெளிவாகவே இருந்தது. சேகரிப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

தட்டு மெதுவாகச் சுழல்வதால் சுருதி இறங்குகிறது என்று எண்ணிப் பலர் தட்டைச் சுழற்றும் பெல்ட்டை மாற்றிவிடுகிறார்கள். அது காரணமானால், உறையில் பத்து நிமிடம் என்று அச்சிட்டிருக்கும் பகுதி அரை நிமிடத்திற்கும் மேலாக நீண்டு ஒலிக்கும்.