மூடிக்கு அடியில் உருண்டையே இல்லை: பூம்பாறைத் தம்பிக்கு ஒரு பதில்

கேள்வி: எனக்கு 24 வயது, ஊர் பூம்பாறை. வடுகபட்டியில் எங்கள் பூண்டைப் போட்டுவிட்டு வந்த பணத்தோடு ஞாயிற்றுக்கிழமை கொடைக்கானல் சந்தைக்குப் போனேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒருவர் அட்டைப்பெட்டி மேல் துணி விரித்து, மூன்று மூடிகளைக் கவிழ்த்து, ஒன்றுக்கு அடியில் சின்ன உருண்டையை வைத்து நகர்த்திக்கொண்டிருந்தார். எந்த மூடி என்று சரியாகச் சொன்னால் கட்டிய பணம் இரட்டிப்பு. எனக்கு முன்னால் இரண்டு பேர் ஜெயித்தார்கள். நானும் முதலில் 500 கட்டி ஜெயித்தேன். பிறகு ரொக்கமாக 6,500 போனது. அவர் திரும்பிப் பார்த்த நேரத்தில் பக்கத்தில் நின்றவர் நடு மூடியைத் தூக்கி உருண்டையைக் காட்டினார். அதை நம்பி ஜிபேயில் 12,000 அனுப்பினேன். நடு மூடி காலி. யாரோ "போலீஸ்" என்று கத்த, எல்லோரும் கலைந்துவிட்டார்கள். ஒன்பது நாளாகிறது. அப்பாவிடம் சொல்லவில்லை. "சூதாடினது நீ, கேஸ் உன் மேலதான் வரும், பந்தயப் பணத்துக்குக் கோர்ட்டும் கிடையாது" என்கிறார்கள். இது கண் திறமை விளையாட்டு, குற்றமே இல்லை என்கிறான் நண்பன். பணம் கிடைக்குமா?

பதில்: தம்பி, நீங்கள் அந்த ஆட்டத்தில் தோற்றதாக நினைப்பதை முதலில் விடுங்கள். தோற்பதற்கு, ஜெயிக்க ஒரு வழியாவது இருந்திருக்க வேண்டும். நீங்கள் நடு மூடியைக் காட்டிய நேரத்தில் மூன்றில் எதற்கு அடியிலும் உருண்டை இருந்திருக்காது. உங்கள் புகார் முழுக்க இந்த ஒன்றின் மேல்தான் நிற்கப்போகிறது. அதனால் சட்டத்தைப் பிறகு வைத்துக்கொண்டு, முதலில் வித்தையைச் சொல்கிறேன்.

செப்படி வித்தை என்று நம் ஊரில் சொல்வதே இதன் வம்சம்தான். செப்பு என்றால் சிமிழ், சின்னக் கிண்ணம். பல வருடம் முன்பு ஒரு வழக்குக்காக, திருவிழாக்களில் வித்தை காட்டிப் பிழைத்த பெரியவர் ஒருவரை என் அலுவலகத்துக்கு வரவழைத்தேன். மேசை மேல் துண்டை விரித்து, மூன்று சோடா மூடிகளையும் விரல் நகத்தளவு ஸ்பாஞ்சுத் துண்டையும் வைத்துச் செய்து காட்டினார். ஒரு அடி தூரத்தில் உட்கார்ந்திருந்தும் எனக்குத் தெரியவில்லை. நிறுத்தி நிறுத்தி விளக்கியபோதுதான் புரிந்தது.

உருண்டை மெத்தென்று இருக்க வேண்டும். கட்டியான கோலிக்குண்டு இதற்கு ஆகாது. கீழேயும் துணி, ரப்பர் விரிப்பு மாதிரி கொஞ்சம் அமுங்கும் பரப்பு வேண்டும். மூடியைக் கட்டைவிரலும் நடுவிரலும் பிடித்து முன்னால் தள்ளும்போது உருண்டை பின்பக்க விளிம்புக்கு அடியில் நசுங்கி வெளியே வந்துவிடும். வந்ததும் அதே இரண்டு விரல்களின் இடுக்கில் அது மறைந்துகொள்ளும். கை மூடியை விட்டு விலகியதாகவே தெரியாது. இனி மூடிகளை எவ்வளவு வேகமாக நகர்த்தினாலும், எவ்வளவு மெதுவாக நகர்த்தினாலும் ஒன்றுதான், உருண்டை அவர் விரலில் இருக்கிறது. நீங்கள் ஒரு மூடியைக் காட்டுவீர்கள், காலி. அவர் வேறொரு மூடியைத் தன் பக்கம் லேசாக இழுத்துத் தூக்குவார். அந்த இழுப்பில் உருண்டை விரலிலிருந்து மூடிக்குக் கீழே போய்விடும். "பாருங்க, இங்கதான் இருந்துச்சு!" நீங்கள் உங்கள் கண்ணைத் திட்டிக்கொள்வீர்கள்.

கண் மேல் தப்பில்லை தம்பி. மனிதக் கண் கூர்மையாகப் பார்க்கும் இடம் மிகச் சின்னது. கையை நீட்டிக் கட்டைவிரலைப் பார்த்தால் அந்த நகத்தளவுதான் இருக்கும். மற்றதெல்லாம் மங்கல்தான், மனது நிரப்பிக்கொள்கிறது. வித்தைக்காரர் செய்வது அந்த நகத்தளவு இடத்தை வேறு பக்கம் திருப்பிவிடுவது. இடது கை பெரிதாக அசையும்போது வலது கை சின்னதாகச் செய்து முடித்துவிடும். "அண்ணே, எவ்வளவு கட்டுறீங்க?" என்று கேட்டால் நீங்கள் நிமிர்ந்து முகத்தைப் பார்ப்பீர்கள். அந்த அரை விநாடி போதும். பணத்தை எண்ணச் சொல்வது, பின்னால் நிற்பவர் தோளில் இடிப்பது, எல்லாம் இதற்காகத்தான்.

உங்களுக்கு முன்னால் ஜெயித்த இரண்டு பேரும் அவர்களுடைய ஆட்களாக இருக்கத்தான் மிகப் பெரிய வாய்ப்பு. உங்கள் முதல் 500-ஐ ஜெயிக்கவிட்டதும் கணக்கோடுதான். மூடியைத் தூக்கிக் காட்டினாரே, அவர்தான் இந்தக் கூட்டத்தின் முக்கியமான ஆள். அவர் காட்டிய நேரத்தில் உருண்டை உண்மையாகவே அங்கே இருந்தது. அதற்குப் பிறகு, நீங்கள் போனை எடுத்து நம்பர் தட்டும்போது, ஆட்டக்காரர் நடு மூடியை ஒரு தரம் நேராக்கி வைத்தாரா என்று நினைத்துப் பாருங்கள். "யாரும் மூடியைத் தொடாதீங்க" என்று சொல்லிக்கொண்டே செய்வார்கள். அந்த ஒரு அங்குல நகர்த்தலில் உருண்டை வெளியே வந்துவிடும்.

சரி, சட்டத்துக்கு வருவோம்.

உங்கள் நண்பர் சொன்னதில் ஒரு பாதி உண்மை இருக்கிறது. 1930-ஆம் வருடத்துத் தமிழ்நாடு சூதாட்டச் சட்டத்தின் 11-வது பிரிவு, வெறும் திறமையால் ஆடும் விளையாட்டுக்கு விலக்கு தருகிறது. சீட்டு நினைவு, கணக்கு எல்லாம் வேண்டும் என்பதால் ரம்மியைத் திறமை விளையாட்டு என்று உச்ச நீதிமன்றம் 1967-இல் சொன்னது. ஆனால் அங்கே ஆடுகிறவனின் திறமை முடிவை மாற்றும். உருண்டை இல்லாத மூடிகளுக்கு முன்னால் எந்தத் திறமை என்ன செய்யும்? இங்கே திறமை எதிராளியின் விரலில் மட்டும் இருக்கிறது. அதே வித்தைக்காரர் திருவிழாவில் செய்து காட்டித் தட்டு நீட்டினால் குற்றமில்லை, நானே காசு போடுவேன். "இதில் ஒன்றுக்கு அடியில் உருண்டை இருக்கிறது, கண்டுபிடி" என்று பொய் சொல்லிப் பணம் கட்டவைக்கும்போது அது மோசடியாகிறது.

பாரதிய நியாய சன்ஹிதா, அதாவது 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்துக்கு வந்த சட்டம், 318-வது பிரிவில் ஏமாற்றுதலை விளக்குகிறது. அதில் ஒரு வரி உங்களுக்காகவே எழுதின மாதிரி இருக்கும்: நேர்மையற்று ஓர் உண்மையை மறைப்பதும் ஏமாற்றுதலே. உருண்டை மூடிக்கு அடியில் இல்லை என்பதுதான் மறைக்கப்பட்ட உண்மை. ஏமாற்றிப் பணத்தைக் கொடுக்கவைத்தால் 318(4)-இன்படி ஏழு வருடம் வரை சிறை. பழைய 420 என்றால் உங்கள் அப்பாவுக்கும் புரியும். கூட்டமாகச் சேர்ந்து செய்ததால் 112-வது பிரிவும் பொருந்தும் என்பது என் கருத்து. கும்பலாகச் செய்யும் திருட்டு, ஏமாற்று, அனுமதியில்லாத பந்தயம், சூதாட்டம் எல்லாம் அதில் வரும். குறைந்தது ஒரு வருடம், அதிகபட்சம் ஏழு வருடம்.

உங்கள் மேல் வழக்கு வருமா? மழுப்பாமல் சொல்கிறேன். பொது இடத்தில் சூதாடுவது சூதாட்டச் சட்டத்தின் 12-வது பிரிவில் குற்றம்தான், அதைச் சொல்லி யாராவது பயமுறுத்தலாம். ஆனால் அந்தப் பிரிவு ஆடும்போது பிடிபடுகிறவர்களுக்காக இருப்பது. ஏமாந்து, தானாக வந்து புகார் கொடுப்பவர் மேல் அதைப் போடுவதற்கு நியாயமில்லை. கூட்டாளி மூடியைக் காட்டியதைப் பார்த்துப் பணம் கட்டினேன் என்பதையும் மறைக்க வேண்டாம். "அவனும் குறுக்கு வழியில் ஜெயிக்கத்தான் பார்த்தான்" என்று எதிர்த்தரப்பு கேட்கும். கேட்கட்டும். உங்கள் ஆசை அவர்களுடைய மோசடியை நியாயமாக்காது. அந்த ஆசையைத் தூண்டுவதற்குத்தானே அவரை அங்கே நிறுத்தியிருந்தார்கள்.

பந்தயப் பணத்துக்குக் கோர்ட் இல்லை என்பது 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 30-வது பிரிவை வைத்துச் சொல்வது. ஜெயித்த பந்தயப் பணத்தைக் கேட்டு வழக்குப் போட முடியாது என்பது சரிதான். நீங்கள் கேட்பது ஏமாற்றிப் பறித்த பணத்தை. அதற்கும் சிவில் வழக்கு வேண்டாம். 18,500-க்கு வருடக்கணக்கில் அலைய நான் சொல்ல மாட்டேன். போலீஸ் புகார்தான் உங்களுக்கு வழி.

புகாரை இப்படி எழுதுங்கள்: "மூன்று மூடிகளில் ஒன்றுக்கு அடியில் உருண்டை இருப்பதாகச் சொல்லி, அதைக் கையில் மறைத்துவைத்து, கூட்டாளிகளை ஜெயிப்பதுபோல் நடிக்கவைத்து, என்னை நம்பவைத்து என்னிடமிருந்து 18,500 ரூபாய் பெற்று ஏமாற்றிவிட்டார்கள்." ஆடியதை ஒளிக்க வேண்டாம். ஆனால் "சூதாடித் தோற்றேன்" என்று ஒற்றை வரியில் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். அப்படி எழுதினால் படிப்பவர் அங்கேயே மூடி வைத்துவிடுவார். முதலில் ஜெயித்த 500-ஐயும் எழுதுங்கள். எத்தனை பேர், யார் என்ன சொன்னார், என்ன சட்டை, எந்த ஊர்ப் பேச்சு, எந்தப் பக்கம் ஓடினார்கள் என்று நினைவிருப்பதையெல்லாம் இன்றைக்கே உட்கார்ந்து எழுதுங்கள். ஒன்பது நாள் தாமதத்துக்கு "பயத்தாலும் வெட்கத்தாலும்" என்ற உண்மைக் காரணத்தையே சொல்லுங்கள்.

அடுத்த பெரிய சாட்சி உங்கள் போன். ஜிபேயில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்தால் 12 இலக்க எண் இருக்கும், பெற்றவர் பெயரும் இருக்கும். அதை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், வங்கிக் கணக்கு அறிக்கையும் வாங்குங்கள். போனை மாற்றவோ எதையும் அழிக்கவோ வேண்டாம். பின் நம்பரை நீங்களே போட்டு அனுப்பியதால் வங்கி தானாகத் திருப்பித் தராது. ஆனால் குற்றத்தோடு தொடர்புள்ள கணக்கை முடக்க காவல்துறைக்கு அதிகாரம் இருக்கிறது. அந்தக் கணக்கு வேறு யாரோ ஒருவருடையதாக இருக்கலாம், அதனால் நீங்களே போன் போட்டுச் சண்டை பிடிக்காதீர்கள். கடை கேமரா பதிவுகள் நாளாக ஆக அழிந்துவிடும். அவற்றை உடனே எடுத்துவைக்கச் சொல்லிப் புகாரிலேயே கேளுங்கள்.

புகாரைக் கொடைக்கானல் காவல் நிலையத்தில் கொடுத்து, அதைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். வழக்குப் பதிவானால் எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகத் தர வேண்டும். புகாரை வாங்க மறுத்தால் திண்டுக்கல் எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அங்கும் நடக்கவில்லை என்றால் நீதித்துறை நடுவரிடம் மனுப் போடலாம். வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் 15100-க்கு அழைத்துச் சட்ட உதவி கேளுங்கள்.

பணம்? ரொக்கம் 6,500 கிடைப்பது கஷ்டம். ஆட்கள் பிடிபட்டு, அவர்களிடம் பணம் கைப்பற்றப்பட்டால்தான் உண்டு. 12,000-க்குத் தடம் இருக்கிறது. அந்தக் கணக்கில் மீதி இருக்கும்போதே முடக்கினால், நீதிமன்ற உத்தரவு வாங்கித் திரும்பப் பெற வழி இருக்கிறது. ஒவ்வொரு நாளும் அந்த வாய்ப்பு குறைகிறது, அதனால் நாளைக்கே போங்கள்.

போகும்போது வடுகபட்டி கமிஷன் கடைச் சீட்டு கையில் இருக்க வேண்டும். அந்த ரொக்கம் உங்களிடம் எப்படி வந்தது என்பதற்கு அதுதான் சாட்சி. பூண்டு உங்கள் அப்பா பெயரில் போட்டதாக இருந்தால் சீட்டும் அவர் பெயரில்தான் இருக்கும். அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். இன்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு உட்காரவைத்துச் சொல்லுங்கள். எப்படிச் சொல்வதென்று தெரியாவிட்டால் மூன்று மூடியை எடுத்துவைத்து, மேலே நான் சொன்னபடி செய்து காட்டுங்கள்.