எதையும் விளக்காத, அதிகம் காட்டாத படங்கள் மனித மனத்தின் இருட்டை எப்படிச் சொல்லிவிடுகின்றன? உங்களை உலுக்கிய படம் எது?

இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். என்னை உலுக்கிய படம் பிரெஞ்சு இயக்குநர் ராபர்ட் பிரெஸ்ஸோன் எடுத்து 1983 இல் வெளிவந்த ‘லார்ஜான்’. பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்குப் பணம் என்று பொருள். ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவான படம். இரண்டு தடவை முழுதாகப் பார்த்திருக்கிறேன். மூன்றாம் தடவை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு எழுந்து போய்விட்டேன். அந்த இடத்தில் கொலை இல்லை, இரத்தம் இல்லை, சண்டைகூட இல்லை. அது எந்த இடம் என்பதைச் சொல்வதற்கு முன்னால் கதையைச் சொல்லியாக வேண்டும். முடிவு தெரிந்துவிட்டதால் கெட்டுப்போகிற படமில்லை இது.

பாரிஸில் வசதியான வீட்டுப் பையன் ஒருவன். தகப்பன் கொடுத்த கைச்செலவுக் காசு கடனை அடைக்கப் போதவில்லை. நண்பன் ஒரு கள்ளத் தாளை நீட்டுகிறான், 500 பிராங்க். இருவரும் புகைப்படக் கடை ஒன்றுக்குப் போய் ஒரு சட்டகத்தை வாங்கித் தாளை மாற்றிவிடுகிறார்கள். விஷயம் தெரிந்ததும் கடைக்காரர் அதை வாங்கிப் போட்ட பெண்ணைக் கடிந்துகொள்கிறார்; பொலிஸுக்குப் போகவில்லை. கடைக்கு எண்ணெய் கொண்டுவரும் இவோன் என்ற தொழிலாளியின் தலையில் கட்டிவிடுகிறார். இவோன் உணவகத்தில் அதை நீட்டிப் பிடிபடுகிறான். எங்கே கிடைத்தது என்று காட்டப் பொலிஸாரோடு கடைக்கு வருகிறான். கடை உதவியாளனோ இவனைத் தெரியவே தெரியாது என்று சாதிக்கிறான். அந்த ஒரு பொய்யோடு இவோனின் வாழ்க்கை சரியத் தொடங்குகிறது. வேலை போகிறது. வங்கிக் கொள்ளைக்குக் கார் ஓட்டப் போய்ச் சிறைக்குள் விழுகிறான். உள்ளே இருக்கும்போது மகள் நோயில் இறக்கிறாள், மனைவி விலகிப்போகிறாள். வெளியே வந்தவன் கொலை செய்கிறான். கடைசியில் தனக்கு அடைக்கலம் கொடுத்து உணவும் கொடுத்த ஒரு முதிய பெண்ணை, அவள் வீட்டாரோடு சேர்த்துக் கோடரியால் கொல்கிறான்.

மூலக்கதை டால்ஸ்டாயுடையது. அதில் இரண்டு பகுதிகள். முதற் பகுதியில் ஒரு போலிப் பத்திரம் கைமாறக் கைமாறத் தீமை பெருகிக்கொண்டே போகும். இரண்டாம் பகுதியில் நன்மை ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவும். பிரெஸ்ஸோன் முதற் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டார். எண்பது வயதைக் கடந்த மனிதர் தன் கடைசிப் படத்தில், வாழ்நாள் முழுவதும் தெய்வ அருளைப் பற்றியே யோசித்தவர், அந்த ஆறுதலான பாதியை வெட்டி எறிந்திருக்கிறார். பிரான்ஸின் கான் திரைப்பட விழாவில் அந்த ஆண்டு அவரும் ரஷ்ய இயக்குநர் தார்க்கோவ்ஸ்கியும் ஒரே விருதைப் பகிர்ந்துகொண்டார்கள்.

இனி உங்கள் முதற் கேள்வி. பிரெஸ்ஸோன் தொழில்முறை நடிகர்களைப் பெரும்பாலும் ஒதுக்கினார். தன் படத்தில் தோன்றியவர்களை ‘மாதிரிகள்’ என்றே அழைத்தார். ஒரே காட்சியைத் திரும்பத் திரும்ப எடுப்பார், முகத்தில் ஒட்டியிருக்கும் நடிப்பு உதிர்ந்து போகும்வரை. அதனால் இவோன் கோபப்படுவதையோ அழுவதையோ நாம் பெரிதாகப் பார்ப்பதில்லை. கைகளைப் பார்க்கிறோம். கதவுகளைப் பார்க்கிறோம். தாள் எண்ணப்படுவதை, இழுப்பறை திறப்பதை, சாவி திரும்புவதைப் பார்க்கிறோம். உணவகத்தில் தகராறு வரும்போது பரிசாரகனின் சட்டையைப் பிடித்த இவோனின் கை, பிறகு விரிந்தபடி நிற்கும் அதே கை, அவ்வளவுதான். முதற் கொலை விடுதி ஒன்றில் நடக்கிறது. நமக்குக் கிடைப்பது, அவன் கை கழுவும்போது தண்ணீர் சிவப்பாக ஓடுவது மட்டும். மற்றதை நாம்தான் நிரப்ப வேண்டும். நிரப்பவும் செய்கிறோம், சிரமமே இல்லாமல். அந்தச் சிரமமில்லாமைதான் என்னை முதலில் பயமுறுத்தியது.

காட்டாமல் விடுவது என்றால் என்ன என்பதை நான் ஒரு படத்திலிருந்து கற்றுக்கொள்ளவில்லை. நான் திருகோணமலைக்காரன். 2006 ஜனவரி 2 ஆம் திகதி எங்கள் நகரின் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டபோது எனக்குப் பதின்மூன்று வயது. எங்கள் வீட்டிலிருந்து அந்த இடம் நடக்கும் தூரம்தான். நான் எதையும் பார்க்கவில்லை. முதலில் ஒரு வெடிச்சத்தம். அம்மா அடுப்படியில் நின்றார்; அவர் கையிலிருந்த சட்டி மூடி நழுவிச் சீமெந்துத் தரையில் விழுந்து வட்டமடித்துச் சுழன்றது. அப்பா ஓடிவந்து அதன் மேல் காலை வைத்து நிறுத்தினார். விளக்கை அணைத்தார். அதற்குப் பிறகுதான் துப்பாக்கிச் சத்தம் கேட்டது. இன்றுவரை அந்த இரவு எனக்கு ஒரு சட்டி மூடியின் சத்தமாகவும், அதை அமர்த்திய அப்பாவின் வெறுங்காலாகவும்தான் இருக்கிறது. கொலைகளை விலாவாரியாகக் காட்டும் எத்தனையோ படங்களை அதன்பின் பார்த்தேன். ஒன்றும் உள்ளே இறங்கவில்லை. பிரெஸ்ஸோனின் படத்தில், கடைசிக் கொலைகள் நடக்கும் வீட்டில் நாய் ஒன்று முனகியபடி படியேறி இறங்கி ஓடும் சத்தத்தைக் கேட்டபோது உடம்பு அடையாளம் கண்டுகொண்டது.

ஆனால் அதுவும் பிறர் செய்த கொடுமை. அதைப் பற்றிப் பேசுவது எனக்கு எளிது. இருட்டைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், ஆகவே என்னுடையதையும் சொல்கிறேன்.

2011 இல் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருந்த மாதங்களில் பெரியகடைப் பக்கம் ஒரு பலசரக்குக் கடையில் வேலைக்கு நின்றேன். புதிய நாணயத்தாள்கள் புழக்கத்துக்கு வந்து ஓராண்டுகூட ஆகவில்லை. ஒரு நாள் மாலை கணக்குப் பார்க்கும்போது முதலாளி ஓர் ஆயிரம் ரூபாய்த் தாளை விளக்குக்கு நேரே பிடித்தார். பச்சை நிறம் சரியாகத்தான் இருந்தது. நீர்க்குறி இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. அன்று முழுவதும் காசுப்பெட்டியில் இருந்தவன் நான். முதலாளி சத்தம் போடவில்லை. சம்பளத்திலிருந்து ஆயிரத்தைக் கழித்துக்கொண்டு, தாளை என் பக்கம் தள்ளினார். “நீ வாங்கியது, நீயே பார்த்துக்கொள்” என்றார். ‘பார்த்துக்கொள்’ என்றால் என்ன என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எங்கள் இருவருக்கும் தெரியும்.

என் நாட்கூலி அப்போது 450 ரூபாய். இரண்டு நாள் உழைப்புக்கும் மேலே போய்விட்டது என்று மனம் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தது. பஸ் நிலையத்துக்குக் கொஞ்சம் தள்ளி, வெளிச்சம் குறைந்த இடத்தில், ஒரு வயதான அம்மா கடகத்தில் கருவாடு வைத்து விற்றுக்கொண்டிருப்பார். கடைகள் எத்தனையோ இருந்தும் அவரிடம்தான் போனேன். தற்செயலாகப் போகவில்லை. வழியில் இரண்டு கடைகளில் நின்று, அங்கே விளக்கு பிரகாசமாக இருப்பதைப் பார்த்து, நடந்து, அவரைத் தேர்ந்தெடுத்தேன். 300 ரூபாய்க்கு நெத்தலி. அவர் தாளை முகத்துக்கு அருகே கொண்டுபோனார். பெருவிரலில் மீன் செதில் ஒன்று காய்ந்து ஒட்டியிருந்தது. “இது புதுத் தாளா மகன்? எனக்கு இன்னும் பழக்கமில்லை” என்றார். “ஆம் அம்மா, புதுத் தாள்தான்” என்றேன். இடுப்பு முடிச்சை அவிழ்த்து ஏழு நூறு ரூபாய்த் தாள்களை எண்ணி, நம்பாமல் மறுபடியும் எண்ணிக் கொடுத்தார். எனக்குக் குறைந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் அந்த இரண்டாம் எண்ணிக்கை.

பெறுபேறு வந்தது, வேலையை விட்டேன், வேறு வாழ்க்கை தொடங்கியது. அதை நான் மறந்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். வைத்த இடத்தில் வைத்திருந்தேன், அவ்வளவுதான். எட்டு ஆண்டுகள் கழித்து உப்புவெளியில் நண்பன் வீட்டில் ‘லார்ஜான்’ பார்த்தேன். மின்சாரம் போய்விட்டதால் மடிக்கணினியில், மின்கலம் தீர்வதற்குள் முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தோடு தொடங்கினோம். கடை உதவியாளன், இவோனைத் தெரியாது என்று சொல்லும் காட்சி. அவன் முகத்தில் வில்லத்தனம் கொஞ்சமும் இல்லை. கண்களைத் தாழ்த்தவில்லை, குரல் நடுங்கவில்லை. விலை கேட்டால் சொல்வதைப் போலச் சொல்கிறான். வேறெந்தப் படமாக இருந்தாலும் இங்கே இசை எழும்பியிருக்கும், முகத்தை நெருங்கிக் காட்டியிருப்பார்கள், இது பாவம் என்று நமக்கு உணர்த்தியிருப்பார்கள். இசை எழும்பியிருந்தால் நானும் தப்பித்திருப்பேன். ‘ஆம் அம்மா’ என்று நான் சொன்னபோது எந்த இசையும் கேட்கவில்லை, ஆகவே நான் செய்தது இந்தப் பாவமல்ல என்று நினைத்துக்கொண்டிருப்பேன். பிரெஸ்ஸோன் அந்த வழியை அடைத்துவிட்டார். அந்தக் கட்டைக் குரல் என்னுடையது.

இப்படிக் குறைவாகக் காட்டிக் குறைவாகச் சொல்லும் மினிமலிஸ்ட் படங்கள் வறண்டவை, மனிதர்கள் மேல் அக்கறை இல்லாதவை என்று பலர் சொல்வதுண்டு. எனக்கு நேர் எதிராகத் தோன்றுகிறது. அழும் முகத்தைக் காட்டினால் நாம் அந்த முகத்துக்காக இரங்குகிறோம், இரங்கிவிட்ட திருப்தியோடு வீட்டுக்குப் போகிறோம். கையை மட்டும் காட்டினால் அது யாருடைய கையாகவும் இருக்கலாம். நம் நாட்டிலேயே விமுக்தி ஜயசுந்தரவின் ‘சுலங்க எனு பினிச’ என்ற சிங்களப் படம் 2005 இல் கான் விழாவில் முதற் படத்துக்கான தங்கக் கமெரா விருதைப் பெற்றது. வெட்டவெளியும் மௌனமும்தான் அதில் பெரும்பகுதி. அதையும் பாருங்கள். போரைப் பற்றிய பேச்சு குறைவாக இருப்பதாலேயே போர் எல்லா இடத்திலும் நிற்கும்.

எப்படிப் பார்ப்பது என்று கேட்பவர்களுக்கு ஒன்று: நல்ல காதொலிக் கருவியோடு, ஒரே மூச்சில் பாருங்கள். படம் பாதி, சத்தம் பாதி.

மூன்றாம் தடவை நான் நிறுத்திய இடத்துக்கு வருகிறேன். இவோன் அந்த முதிய பெண்ணின் வீட்டில் தங்கியிருக்கிறான். ஏற்கெனவே கொலை செய்தவன் என்பது அவளுக்கும் தெரியும், அவனே சொல்லியிருக்கிறான். அவள் அந்த வீட்டில் எல்லோருக்கும் உழைத்துத் தேய்ந்தவள். அவன் பொருட்டுத் தன் தகப்பனிடம் அறையும் வாங்குகிறாள். ஒரு நாள் பகல். வெளியே கொடியில் துணி காயப்போடுகிறாள். பக்கத்துச் செடியிலிருந்து இவோன் ஹேசல் கொட்டைகளைப் பறிக்கிறான். அவளுக்குக் கொடுக்கிறான். தானும் தின்கிறான். இலைகளின் ஊடே வெயில். அந்தக் கையில் பொய் எதுவும் இல்லை. அவளை ஏமாற்றுவதற்காகச் செய்வதாக ஒரு கணம்கூடத் தோன்றவில்லை. உண்மையாகவே கொடுக்கிறான். அன்றிரவோ மறுநாள் இரவோ அதே கை கோடரியைத் தூக்கும் என்பது எனக்குத் தெரியும்.

இந்தப் பதிலில் மேலே ஒன்றைச் சொல்லாமல் விட்டிருக்கிறேன். என் நண்பனிடம் அன்று சொன்னபோதும் விட்டுவிட்டேன். எழுநூறு ரூபாயை வாங்கிப் பைக்குள் வைத்த பிறகு நான் உடனே போய்விடவில்லை. அவருடைய பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. சும்மாட்டைத் தலையில் வைத்துவிட்டு, கடகத்தைத் தூக்க முடியாமல் நின்றார். நான் கருவாட்டுப் பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டு, குனிந்து, இரண்டு கையாலும் தூக்கி அவர் தலையில் ஏற்றிவிட்டேன். ஒரு பக்கம் சரிந்ததை நேராக்கியும் விட்டேன். மனமறிந்து, அன்போடுதான் செய்தேன். அவர் கடகத்தைப் பிடித்தபடி, தலையை அசைக்க முடியாமல், கண்களை மட்டும் என் பக்கம் திருப்பி, “நீ நன்றாக இருக்க வேண்டும் மகன்” என்றார்.