பரணில் இருப்பவை: வாசகர் கேள்வி – பதில்

டீச்சர் அம்மா, தாத்தா வீட்டைப் பிரித்தபோது பரணில் இரும்புப் பூண் போட்ட மரக்கால் ஒன்றும், பித்தளைப் படி ஒன்றும், அதைவிடச் சிறியவை மூன்றும் கிடைத்தன. படியின் விளிம்பில் 44, 47, 51 என்று எண்கள் குத்தியிருக்கின்றன. இவை என்ன? விலைக்குக் கேட்கிறார்கள், கொடுக்கலாமா?
– திருத்துறைப்பூண்டி வாசகர்

கொடுப்பதற்கு முன்னால் ஒரு நாள் உட்கார்ந்து அவற்றைப் பாருங்கள் ஐயா. உங்களிடம் இருப்பது ஏறக்குறைய முழு வரிசை. சின்னதிலிருந்து சொல்கிறேன்: ஆழாக்கு இரண்டு சேர்ந்தால் உழக்கு, உழக்கு இரண்டு உரி, உரி இரண்டு படி. பொதுவாகப் படி எட்டு ஒரு மரக்கால். உங்கள் பக்கம் பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். எங்கள் திருநெல்வேலிச் சீமையில் கலம் என்று சொல்ல மாட்டார்கள், கோட்டைதான். இருபத்தொரு மரக்கால் ஒரு கோட்டை. வயலைக்கூட ஏக்கரில் சொல்லாமல் இத்தனை கோட்டை விதைப்பாடு (அவ்வளவு விதை விதைக்கிற நிலம்) என்றுதான் பெரியவர்கள் சொல்வார்கள்.

விளிம்பில் இருக்கும் எண்கள் பெரும்பாலும் அளவைச் சரிபார்த்துக் குத்திய ஆண்டு முத்திரைகள். அப்படியானால் அந்தப் படி கடையிலோ களத்திலோ நாலு பேர் முன்னால் நின்ற படி. வீட்டுக்குள் அரிசி அளக்க வைத்திருந்த படிக்கு முத்திரை குத்த யாரும் மெனக்கெட மாட்டார்கள். தாத்தாவுக்கு நெல் வியாபாரம் இருந்ததா, இல்லை பண்ணையில் கணக்கு எழுதினாரா என்று வீட்டில் மூத்தவர்களைக் கேளுங்கள்.

படியில் தண்ணீர் ஊற்றி, லிட்டர் அளவையால் அளந்தும் பாருங்கள். ஒன்றே முக்கால் லிட்டரை ஒட்டி வந்தால் அது பட்டணம்படி, அதாவது சென்னைப் பட்டணத்து அளவு. குறைந்து வந்தால் அந்த வட்டாரத்துச் சின்னப்படி. ஊருக்கு ஊர் படி மாறும். ஒரே ஊரில் வீட்டுக்கு வீடு மாறியதும் உண்டு. வாங்குவதற்கு ஒரு படி, கொடுப்பதற்கு ஒரு படி வைத்திருந்த வீடுகளை எங்கள் ஊரிலேயே பார்த்திருக்கிறேன். படி ஒன்றாகவே இருந்தாலும் அளக்கிற கை வேறு. கோபுரமாகக் குவித்து அளந்தால் ஒரு கணக்கு, தலைதட்டி அளந்தால் ஒரு கணக்கு. என் அம்மா கம்மங்கதிர் அறுக்கப் போன இடத்தில் கூலி தானியமாகத்தான் கிடைக்கும். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும், அளந்தது யார் என்பதைத்தான் பாட்டி முதலில் கேட்பாள். அளந்தவர் பெயரை வைத்தே அன்றைக்குப் பெட்டியில் எவ்வளவு இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்துவிடும்.

உங்கள் ஊர்ப் பக்கத்தில் அரைப்படி நெல்லுக்கு உயிரே போயிருக்கிறது. கூலியில் அரைப்படி நெல் கூட்டிக் கேட்ட போராட்டத்தின் தொடர்ச்சியாகத்தான் 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிந்து செத்தார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். படியைத் துலக்கி வரவேற்பறையில் வைக்கிறவர்களிடம் இதை நான் தவறாமல் சொல்வேன். நெல் அளந்த பாத்திரம் கூலியையும் அளந்திருக்கிறது. உங்கள் வீட்டுப் படி எந்தப் பக்கம் நின்று அளந்தது என்பதையும் கேட்டு எழுதி வையுங்கள், பதில் எதுவாக இருந்தாலும்.

இன்னொரு விஷயம். அளக்கத் தொடங்கும்போது முதல் படியை "ஒன்று" என்று எண்ண மாட்டார்கள். "லாபம்" என்பார்கள், அப்புறம்தான் ரெண்டு, மூணு. களத்தில் அந்தக் குரலைக் கேட்டவர் யாராவது வீட்டில் இருந்தால் செல்போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். விலை கேட்டவர் காத்திருக்கட்டும். பித்தளை எங்கேயும் போகாது, அந்தப் பெரியவருக்கு வயதாகிறது.


எங்களிடம் நடுவில் ஓட்டை போட்ட காலணா காசுகள் பத்துப் பதினைந்து இருக்கின்றன. ஒரு காசு லட்ச ரூபாய் போகும் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. முன்பணம் கட்டினால் வாங்கிக்கொள்வதாகச் சொல்கிறார்கள்.
– அருப்புக்கோட்டை வாசகி

ஒரு பைசாகூடக் கட்டாதீர்கள் அம்மா. காசை வாங்குகிறவன் உங்களுக்குத்தான் பணம் தர வேண்டும், உங்களிடம் எதற்குக் கேட்கிறான்? ரிசர்வ் வங்கி தன் பெயரைச் சொல்லி நடக்கும் இந்த மோசடியைப் பற்றி 2021இலேயே எச்சரித்தது. பழைய காசுக்கு அவர்கள் கமிஷனோ கட்டணமோ கேட்பதில்லை.

ஓட்டைக் காலணா 1943 முதல் 1947 வரை அச்சானது. உலகப் போர் நடந்த காலம், உலோகத்தட்டுப்பாடு. அதனால் நடுவை எடுத்துவிட்டார்கள். கணக்கில்லாமல் அடித்த காசு. இன்றைக்கும் பழங்காசு விற்பவர்களிடம் சாதாரண விலைக்குக் கிடைக்கும்.

அந்தக் காசோடு என் தலைமுறைக்கு இருந்த உறவு வேறு. சின்னப் பிள்ளைகளின் அரைஞாண் கயிற்றில் அதைக் கோத்துக் கட்டுவார்கள். கதவு நாதாங்கியில் ஆணிக்கு வாஷராக அடித்திருப்பார்கள். செலாவணி நின்றபிறகு அதிகம் பயன்பட்ட காசு அதுதான் என்று தோன்றும்.

1957 ஏப்ரல் 1ஆம் தேதி நயா பைசா வந்தது. அதுவரை ரூபாய்க்குப் பதினாறு அணா, 64 காலணா. புதுக்கணக்கில் ஒரு ரூபாய்க்கு 100 நயா பைசா என்றால் ஓரணாவுக்கு ஆறேகால் வர வேண்டும். காலுக்குக் காசு இல்லையே! ஓரணாவுக்கு 6, இரண்டணாவுக்கு 12, மூன்றணாவுக்கு 19, நாலணாவுக்கு 25 என்று வைத்தார்கள். ஓரணா ஓரணாவாக நாலு தடவை சாமான் வாங்கினால் 24, மொத்தமாக வாங்கினால் 25. தினக்கூலி வாங்கி அன்றன்றைக்கு உப்பு, மிளகாய் வாங்கும் வீட்டுப் பெண்கள் இதைக் கடைக்காரரை விட வேகமாகக் கணக்குப் போட்டார்கள். எழுதப் படிக்கத் தெரியாத என் பெரியம்மா அணாவையும் பைசாவையும் விரல்மடிப்பில் வைத்து மாற்றுவாள். 1964இல் "நயா" போய்விட்டது. நாலணாவும் எட்டணாவும் பேச்சில் அதற்குப் பிறகும் வெகுகாலம் இருந்தன. 25 பைசாவும் அதற்குக் கீழே உள்ளவையும் 2011 ஜூன் மாதத்தோடு செல்லாமல் போயின.

காசுகளைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். மேலே படிந்த கரும்பழுப்பு நிறம்தான் அதற்குப் பாதுகாப்பு. தேய்த்துப் பளபளப்பாக்கிய காசை விஷயம் தெரிந்தவர்கள் வாங்க மாட்டார்கள்.


கிராமத்து வீட்டை விற்கிறோம். ஆட்டுக்கல், அம்மி, உரல், திருகை எல்லாம் இருக்கின்றன. ஃபிளாட்டில் இடமில்லை. விட்டுவிட்டு வர மனசும் இல்லை. அந்தக் காலம் திரும்ப வராதா என்று இருக்கிறது.
– கோவையிலிருந்து ஒரு வாசகி

உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் அந்தக் கல்லுக்காக ஏங்க என்னால் முடியாது, வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் கரிசல் வீட்டில் கம்பு குத்துவது விடிவதற்கு முன்னால் தொடங்கும். தண்ணீர் தெளித்துப் பிசறி உரலில் போட்டு உலக்கையால் குத்த வேண்டும். உமி பிரிந்ததும் சுளகில் புடைத்து, திரும்பவும் குத்த வேண்டும். அப்புறம் திருகையில் போட்டு உடைக்க வேண்டும். இத்தனையும் ஆன பிறகுதான் அடுப்பு. கஞ்சி கொதித்து இறங்குவதற்குள் காட்டுக்குப் போக நேரமாகிவிடும். அம்மா அதில் ஒரு தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு ஓடுவாள். அவள் உள்ளங்கையில் உலக்கை பட்ட இடம் காய்த்துப் போய் மரத்திருக்கும். காய்ச்சல் என்றாலும் உலக்கைக்கு விடுமுறை கிடையாது. பிள்ளை பெற்ற உடம்போடு குத்திய பெண்களை நான் பார்த்திருக்கிறேன். பக்கத்து டவுனில் மாவு மில் வந்தபோது எங்கள் தெருப் பெண்கள் எவ்வளவு சந்தோஷப்பட்டார்கள் தெரியுமா? பழமை போகிறதே என்று ஒருத்திகூட அழவில்லை.

அதற்காகக் கல்லை உடைத்து அஸ்திவாரத்தில் போடச் சொல்லவில்லை. எல்லாவற்றையும் தூக்கிவர வேண்டாம். அம்மி ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், பால்கனியில் இடம் இருக்கும், துவையல் அரைக்கலாம். மற்றவற்றை ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்க முடியுமா என்று பாருங்கள். கொடுக்கும்போது பிள்ளைகளுக்கு ஒருநாள் ஒரு படி கம்பைக் குத்திக் காட்டச் சொல்லுங்கள். பையன்களையும் உலக்கை பிடிக்க வையுங்கள். திருகையின் மேல்கல்லைத் தூக்கி, அரைக்கும் பரப்பில் உளிப் பள்ளங்கள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். "அம்மி கொத்தலையோ, ஆட்டுக்கல் கொத்தலையோ" என்று தெருவில் கூவிக்கொண்டு வருவார்களே, அவர்கள் கைவேலை அது. தேய்ந்திருந்தால் அந்தக் கல் எவ்வளவு உழைத்தது என்பது தெரியும்.


தாத்தாவின் அரிக்கேன் விளக்கில் எல்.இ.டி. பல்பு போட்டு மாட்டலாம் என்று மனைவி சொல்கிறார். போடலாமா?
– சென்னை வாசகர்

தாராளமாகப் போடுங்கள், தகரத்தில் துளை மட்டும் போட வேண்டாம். பெயின்ட் அடிக்கவும் வேண்டாம். துருவைத் துடைத்துத் தேங்காயெண்ணெய் தடவினால் போதும். அதற்கு முன்னால் ஒரு தடவை மண்ணெண்ணெய் ஊற்றி ஏற்றிப் பாருங்கள். திரியின் இரண்டு முனையையும் லேசாகக் கத்தரிக்க வேண்டும், இல்லாவிட்டால் சுடர் கொம்பு முளைத்துக் கண்ணாடியைக் கரியாக்கும். சிம்னி துடைப்பது எங்கள் வீட்டில் பிள்ளைகள் வேலை. பெரியவர்கள் கை உள்ளே நுழையாது. அடுப்புச் சாம்பலைத் தொட்டுப் பழைய காகிதத்தால் துடைப்போம். பொழுது சாய்வதற்குள் துடைத்து முடித்தாக வேண்டும், அப்புறம் ஒரே விளக்கைச் சுற்றி நாலு பேர் பாடம் படிப்போம். விளக்குக்கு முதுகு காட்டி உட்கார வேண்டிய இடம் எப்போதும் கடைசிப் பிள்ளைக்குத்தான். அந்த இடம் என்னுடையது.


எங்கள் வீட்டு மரப்பெட்டியில் ஓலைச்சுவடிக் கட்டு ஒன்று இருக்கிறது. ஆடிப்பெருக்கன்று ஆற்றில் விட்டுவிடச் சொல்கிறார்கள்.
– குளித்தலை வாசகர்

தயவுசெய்து விடாதீர்கள்! அப்படி ஆற்றில் போனவை ஏராளம். கட்டை அவிழ்த்து ஓலைகளைப் பலவந்தமாகப் பிரிக்கவோ எண்ணெய் தடவவோ வேண்டாம். காய்ந்த துணியில் சுற்றி ஈரம் படாத இடத்தில் வையுங்கள். தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகம், தமிழ்ப் பல்கலைக்கழகம், சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம், உ.வே.சா. நூலகம் – இவற்றில் எதற்காவது எழுதிக் கேளுங்கள். வைத்தியமா, ஜோதிடமா, நிலக்கணக்கா என்று பார்த்துச் சொல்வார்கள். நிலக்கணக்காக இருந்தால் ஏமாந்துபோகாதீர்கள். யார் எந்த வயலை உழுதார்கள், என்ன கொடுத்தார்கள் என்பது அதில்தான் இருக்கும். என்னைக் கேட்டால் அதுதான் பெரிய புதையல்.

75 ஆண்டு கடந்த முக்கியமான சுவடிகளும், 100 ஆண்டு கடந்த சிலை, ஓவியம் போன்றவையும் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும். வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாது. மண்ணைத் தோண்டும்போது கிடைப்பவற்றுக்கு 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இருக்கிறது. கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும்.


இவற்றையெல்லாம் பிள்ளைகளுக்கு எங்கே காட்டலாம்?
– திருவள்ளூர் வாசகி

முட்டுக்காடு தட்சிணசித்ராவுக்குப் போங்கள். தமிழ்நாட்டுப் பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து திரும்பக் கட்டியிருக்கிறார்கள். காசுகளுக்கு எழும்பூர் அருங்காட்சியகம். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளிலும் பார்க்கலாம், ஆனால் அங்கே பொருளுக்கு விலை உண்டு, அது எந்த வீட்டிலிருந்து வந்தது என்ற விவரம் கிடைப்பது அரிது.


நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறேன். தீப்பெட்டிப் படங்கள் சேர்க்கிறேன். கிழியாமல் எடுப்பது எப்படி?
– சாத்தூர் மாணவர்

தீப்பெட்டித் தொழில் ஊரான உன் ஊரிலிருந்தே இந்தக் கேள்வி வந்தது எனக்குச் சந்தோஷம் தம்பி. வெறும் தண்ணீரில் பெட்டியைப் போட்டு வை, பசை ஊறிப் படம் தானாகப் பிரியும், இழுக்காதே. படம் அச்சிட்ட பக்கம் மேலே இருக்கும்படி காகிதத்தில் காயவைத்து, கனமான நோட்டுக்குள் வை. செல்லோடேப் வேண்டாம், நாளாக ஆகப் படத்தை மஞ்சளாக்கிவிடும். முடிந்தால் ஒரே படத்தில் இரண்டு எடுத்து, ஒன்றைப் பெட்டியோடு அப்படியே வை.

சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா போய்த் தொழில் கற்றுவந்தார்கள் என்பது உனக்குப் பள்ளியில் சொல்லியிருப்பார்கள். அதோடு இதையும் சேர்த்துக்கொள்: நம் பக்கத்தில் வீடுகளிலேயே பெட்டி ஒட்டினார்கள். கணக்கு குரோஸில், அதாவது 144 பெட்டிக்கு இவ்வளவு கூலி என்று. உன் வயதில் பள்ளிக்கூடம் போகாமல் கட்டை அடுக்க (தீக்குச்சிகளைச் சட்டத்தில் வரிசையாக அடுக்கும் வேலைக்கு) போனவர்கள் என் வகுப்பிலேயே இருந்தார்கள். வருகைப் பதிவேட்டில் அவர்கள் பெயருக்கு நேரே வாரக்கணக்கில் ஆப்சென்ட் போட்டிருக்கிறேன். உன் தெருவில் அப்படி ஒட்டிய பாட்டியோ அத்தையோ நிச்சயம் இருப்பார். ஆல்பத்தை எடுத்துக்கொண்டு போய்க் காட்டு. எந்தப் படத்தைத் தன் கையால் ஒட்டினார், குரோஸுக்கு எவ்வளவு வாங்கினார் என்று கேட்டுப் படத்துக்குக் கீழே பென்சிலால் எழுது.