வாசகர் கேள்வி – பதில்: பயிற்சிக்குப் போன பிள்ளைகள்

கேள்வி: எங்கள் தொழிற்கல்லூரி மாணவர்கள் சுற்றுவட்டாரச் செம்பனை ஆலைகளில் ஐந்து மாதம் பயிற்சி பெறுகிறார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவரையும் அழைத்துப் பேசுகிறேன். "எல்லாம் நன்றாகத்தான் போகிறது, சார்" என்பதற்கு மேல் யாரும் வாய் திறப்பதில்லை. அவர்களுடைய திறன் வளர்கிறதா என்பதை எப்படிக் கண்டுகொள்வது?
– பயிற்சிப் பொறுப்பாளர், சுங்கை சிப்புட்

பதில்: "எப்படிப் போகிறது?" என்று கேட்டால் அந்தப் பதில்தான் வரும். ஆலையைப் பற்றிக் குறை சொன்னால் இடம் போய்விடுமோ என்ற அச்சம் மாணவனுக்கு இருக்கும்போது, வேறு என்ன சொல்வான்? ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் பழகியவர்களிடம் அந்தக் காலத்து மண்டோர் (தோட்ட மேற்பார்வையாளர்) நலம் விசாரித்துக்கொண்டிருக்கவில்லை. மரத்தடியில் நின்று, பட்டை எவ்வளவு தடிமனாகச் சீவப்பட்டிருக்கிறது, கத்தி ஆழமாக இறங்கிக் காயம் விழுந்திருக்கிறதா என்றுதான் பார்த்தார். உங்கள் சந்திப்பிலும் மாணவன் செய்த வேலை முன்னால் இருக்க வேண்டும்.

ஆலையின் ஆய்வுக்கூடத்தில் இருக்கும் மாணவரை எடுத்துக்கொள்வோம். கச்சா செம்பனை எண்ணெயில் தனிக் கொழுப்பு அமிலம் (எண்ணெய் சிதைவதால் உண்டாகும் அமிலம்) எவ்வளவு என்று சோதிப்பது அங்கே அன்றாட வேலை. எண்ணெயை ஆல்கஹாலில் கரைத்து, நிறம் காட்டும் பினாப்தலீன் சில துளி விட்டு, பியூரெட் என்னும் அளவுக் குழாயிலிருந்து சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலைச் சொட்டுச் சொட்டாக இறக்கி, இளஞ்சிவப்பு மறையாமல் நிற்கும் இடத்தில் குழாயை மூட வேண்டும். கை பழகாதவர் ஓரிரு சொட்டு கூடுதலாக விட்டுவிடுவார், நிறம் அடர்ந்துவிடும். ஒரே எண்ணெயை இரண்டு முறை சோதிக்கச் சொன்னால், தொடக்கத்தில் அவருடைய இரண்டு விடைகளுக்கும் இடையே பெரிய வேறுபாடு இருக்கும். பழகப் பழக அது சுருங்கும். இதற்கென்று தனிப் படிவம் எதுவும் தேவையில்லை. அவர் செய்த இரட்டைச் சோதனைகளின் எண்களைத் தேதியோடு எழுதி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சந்திப்புக்கும் எடுத்து வரச் சொன்னால் போதும்.

கைத்திறனோடு நின்றுவிடாதீர்கள். "செவ்வாய்க்கிழமை ஏன் அமிலம் கூடியிருக்கிறது?" என்று கேளுங்கள். அடிபட்ட பழத்திலும், அறுத்தபின் நெடுநேரம் காத்துக் கிடந்த பழத்திலும் அதிலுள்ள நொதியே எண்ணெயைச் சிதைத்து அமிலத்தைக் கூட்டும். நீராவியில் வேகவைத்த பிறகுதான் அது அடங்கும். முதல் மாதத்தில் "தெரியவில்லை, சார்" என்ற மாணவர், மூன்றாம் மாதத்தில் தாமாகவே பழம் இறக்கும் தளத்துக்குப் போய் லாரி எப்போது வந்தது என்று விசாரித்துவிட்டு வந்து பதில் சொன்னால், அதைவிடத் தெளிவான சான்று உங்களுக்குக் கிடைக்காது. கச்சா செம்பனை எண்ணெய் வணிகத்தில் இந்த அமிலத்துக்கு 5 விழுக்காடு பொதுவான உச்சவரம்பு என்பதால், ஆலைக்கும் இந்த விசாரணை பயனுள்ளதுதான்.

ஒவ்வொரு மாணவருக்கும் மூன்று நான்கு வேலைகளை மட்டும் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் அவர் எங்கே நிற்கிறார் என்று குறித்து வாருங்கள்: பார்த்தார், ஒருவர் உடனிருக்கச் செய்தார், தனியாகச் செய்தார், அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுத்தார். "தொடர்புத் திறன் 4, குழு மனப்பான்மை 5" என்று நிரப்பப்படும் மதிப்பெண் தாள்களில் எனக்கு நம்பிக்கை குறைவு. மேற்பார்வையாளர்கள் அவற்றைக் கடைசி நாளில் ஒரே மூச்சில் நிரப்புவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். மலேசியத் திறன் சான்றிதழுக்கான மதிப்பீட்டிலும் ஒவ்வொரு திறன் அலகிலும் பயிற்சி பெறுபவர் தேர்ந்தவரா, இன்னும் தேராதவரா என்றுதான் தனித்தனியே முடிவு செய்கிறார்கள். ஆனால், எல்லா வேலையிலும் "தனியாகச் செய்தார்" என்ற நிலையை எதிர்பார்க்கக் கூடாது. கொதிகலனை இயக்கத் தகுதிச் சான்றிதழ் வேண்டும். அங்கே உங்கள் மாணவர் அழுத்தமானியைச் சரியாகப் படிக்கிறாரா, நீர்மட்டம் இறங்கினால் யாரிடம் ஓட வேண்டும் என்று அறிந்திருக்கிறாரா என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

முதல் சந்திப்பை முதல் வாரத்திலேயே நடத்திவிடுங்கள். தொடக்க நிலையை எழுதி வைக்காவிட்டால், பிறகு எதோடு ஒப்பிடுவது? முதல் மாதம் வாரந்தோறும் பத்து நிமிடம் பேசுங்கள். அதன்பின் இப்போதுள்ள இடைவெளியே போதும். படிவத்தில் கையெழுத்திடும் மேலாளரைவிட, மாணவருக்குப் பக்கத்தில் நின்று கற்றுக்கொடுக்கும் மூத்த தொழிலாளிக்குத்தான் பெரும்பாலும் உண்மை தெரியும். அவரிடம் மதிப்பெண் கேட்காதீர்கள், "இந்த வாரம் எந்த வேலையைப் பிள்ளையை நம்பி விட்டீர்கள், அண்ணே?" என்று கேளுங்கள்.

கேள்வி: மாதந்தோறும் எனக்கு நானே மதிப்பெண் போட்டுக்கொள்ள வேண்டும். பராமரிப்புப் பணியில் முதல் மாதம் எனக்கு 8 போட்டேன். மூன்றாம் மாதம் 6தான் போட மனம் வந்தது. கல்லூரியில் இதைப் பின்னடைவாக எடுத்துக்கொள்வார்களா?
– மாணவர், சுங்கை சிப்புட்

பதில்: தம்பி, முதல் மாதம் இயந்திரத்தின் தாங்கியை (பேரிங்) மாற்றுவது மட்டுமே வேலை என்று நினைத்திருப்பீர்கள், இப்போது சுழல்தண்டு நேராகப் பொருந்தியிருக்கிறதா என்று சரிபார்க்க வேண்டும், மசகு அளவாக இருக்க வேண்டும் என்பதெல்லாம் தெரிகிறது. அளவுகோல் நீண்டுவிட்டதால் மதிப்பெண் இறங்கியிருக்கிறது. எண்ணைத் திருத்தாமல், முன்பு தெரியாமல் இருந்து இப்போது கண்ணில் படுகிற இரண்டு குறைகளைப் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். பொறுப்பாளர் அடுத்த முறை பேசும்போது அந்த இரண்டு குறைகளிலிருந்தே தொடங்கலாம்.

கேள்வி: என் மகன் பயிற்சிக்குச் சென்று ஆறு வாரம் ஆகிறது. நகல் எடுப்பதும் தேநீர் வாங்கி வருவதும்தான் வேலை என்கிறான். கல்லூரியிலிருந்து அழைக்கும்போது அதைச் சொல்ல மறுக்கிறான். நான் பேசலாமா?
– ஒரு தாயார், சுங்கை சிப்புட்

பதில்: அம்மா, ஆலைக்கு நீங்கள் போக வேண்டாம், அவனுக்குத்தான் சங்கடம். பயிற்சிப் பதிவேட்டில் அன்றன்று செய்ததை உள்ளபடியே எழுதச் சொல்லுங்கள். "நகல் எடுத்தேன், காலை முழுவதும்" என்று இரண்டு வாரம் தொடர்ந்து வந்தால், அவன் வாய் திறந்து குறை சொல்ல வேண்டியதே இல்லை. பொறுப்பாளரே ஆலையிடம் வேலைத் திட்டத்தைக் கேட்க அதுவே போதிய காரணம். அதற்குப் பிறகும் ஒன்றும் மாறாவிட்டால், இடம் மாற்றித் தரும்படி கல்லூரிக்கு அவன் பெயரில் எழுத்து மூலம் விண்ணப்பிக்கலாம். ஆறு வாரம் போனாலும் இன்னும் காலம் இருக்கிறது. நான்காம் மாதம்வரை காத்திருந்தால் மாற்றிக் கொடுக்க அவர்களுக்கும் வழி இருக்காது.